யாருக்குக் கிடைக்கவில்லை?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அந்த நாற்காலிக்கு, கம்பெனியின் சமூகப் பொறுப்பு என்ற பொருளில், சி.எஸ்.ஆர். என்று மூன்றெழுத்தில் பெயர் வைத்து, உங்களைப் போன்ற படித்த பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறார்கள். நாற்காலி மாறினாலும் வேலை மாறவில்லை. கடலோரம் ஒரு புயல் கரையேறினால் மறுநாள் காலை உங்கள் முன் ஒரே கேள்விதான் வந்து நிற்கும். தொழிலாளர்கள் மனமுவந்து எழுதிக்கொடுத்த ஒரு நாள் சம்பளத்தை எந்த நிவாரண அமைப்பிடம் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு நான் எத்தனை விதமாகத் தப்பான பதில் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சரியான பதில்கள் சிலவும் இருக்கக்கூடும். அவை எனக்குத் தெரியாமல் நடந்திருக்கும்.

முதலில் நான் அழுத கதை. நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம் கழித்து ஒரு பெருமழையில் ஏரிகள் உடைந்து திருவள்ளூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. ஒரு அமைப்பிலிருந்து இருவர் வந்தார்கள். ஒரே நிறத்தில் மழைக்கோட்டு, மார்பில் முத்திரை. ஒரு வீடியோ போட்டுக் காட்டினார்கள். வெள்ளத்தில் ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிடுகிறார், பின்னால் உருக்கமான இசை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தேன், மறுபடியும் கலங்கியது. கையெழுத்துப் போட்டுக் காசோலையைக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் யூனியன் செயலாளர் முனிரத்தினத்துக்கு, அவர்கள் விட்டுப்போன வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவர் அழவில்லை. திரையில் ஒரு மூலையைத் தொட்டு, "சார், இன்னா இது? பின்னாடி படகு ஊடு ஒண்ணு போய்க்கினு இருக்குது. நம்ம ஊர்ல ஏது சார் படகு ஊடு?" என்று கேட்டார்.

உண்மைதான். மலையாளக் கரையில் எப்போதோ வந்த வெள்ளம் அது. நான் பாட்டியின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததில், அவர் பின்னால் சுற்றுலாப் படகு வீடொன்று நிதானமாகப் போனதைக் கவனிக்கவில்லை. அந்த அமைப்பு கடைசியில் பொன்னேரி சாலையோரம் இறக்கியது பழைய துணி மூட்டைகளை. ஈரத்தில் நின்ற சனங்களுக்குக் கோட்டு சூட்டும் ஜிகினா வைத்த பாவாடையும் எதற்கு? அந்தக் கோட்டுகளில் ஒன்றை வயல் பொம்மைக்கு மாட்டியிருந்ததைப் பிறகு பேருந்திலிருந்து பார்த்தேன். அந்த நிவாரணத்தால் பயனடைந்தவர் என்று எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

சூடு பட்டவன் என்ன செய்வான்? நான் மார்க் போட ஆரம்பித்தேன். எந்த அமைப்பு வந்தாலும் ஒரு அட்டவணை. பதிவுச் சான்று உண்டா, தணிக்கை நடந்ததா, வரிவிலக்கு உண்டா, நிர்வாகச் செலவு எவ்வளவு, புயலுக்கு முன்பே இந்தப் பக்கம் வேலை செய்தவர்களா, பழைய துணியை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்களா என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். இவையெல்லாம் நல்ல கேள்விகள், இன்றைக்கும் கேட்கத்தான் வேண்டும். என் கோளாறு, கேள்விகளை விட அட்டவணையை அதிகம் காதலித்தது. அதை லேமினேட் செய்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். திருவள்ளூரில் நல அலுவலர்கள் கூட்டமொன்றில் எடுத்து விளக்கினேன். பாதிப் பேர் ஜெராக்ஸ் கேட்டார்கள், மீதிப் பேர் சாப்பாடு எப்போது என்று கேட்டார்கள். தொழிற்சாலைக்குள் எனக்கு 'பரீட்சை சார்' என்று பெயர் விழுந்தது. கிண்டல் என்று புரிய எனக்கு வெகுநாள் பிடித்தது, அதுவரை பெருமையாகத்தான் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த புயல் பழவேற்காடு ஏரியோரத்து மீனவக் குப்பங்களைப் புரட்டிப் போட்டது. வழக்கம்போல ஒரு நாள் சம்பளம் சேர்ந்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டுமில்லை, கேன்டீனிலும் தோட்டத்திலும் இருந்த ஒப்பந்த ஆட்களும் எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகமும் தன் பங்காக அதே அளவு தருவதாகச் சொன்னது. தொழிலாளர் பங்கு முதலில் போகும், அது ஒழுங்காகச் சேர்ந்தது என்று நான் சொன்ன பிறகு நிர்வாகத்தின் பங்கு போகும் என்று ஏற்பாடு.

என் அட்டவணையில் முதல் மார்க் வாங்கியது பெரியபாளையம் பக்கத்துச் சின்ன டிரஸ்ட் ஒன்று. அதை நடத்தியவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துனர். பல வருஷமாக ஏரியோரக் குப்பங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர். மழைக்கோட்டு கிடையாது, வீடியோ கிடையாது. அவர் பொருள்களைத் தன் இஷ்டத்துக்கு ஆள் பார்த்துக் கொடுப்பதில்லை. ஊர்க்கூட்டத்திடம் ஒப்படைப்பார், ஊரே எல்லோருக்கும் சரிசமமாகப் பிரித்துக்கொள்ளும். 'எல்லாத் தலைக்கட்டுக்கும் சம பங்கு' என்று அவர் சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒருவரும் விடுபடாத நிவாரணம். என் அட்டவணையில் அதற்கு இடமே இல்லாததால் கையால் ஒரு கட்டம் வரைந்து முழு மார்க் போட்டேன்.

தொழிற்சாலை வாசலில் ஒரு விழா நடத்தி லாரியை அனுப்பினோம். விழாவுக்குப் பெரிய ஃபிளெக்ஸ் பேனர். அதில் நிர்வாக இயக்குநரின் படத்தைவிட என் படம் சற்றே பெரிதாக வந்துவிட்டது. அச்சகத்தாரின் தவறு என்று எல்லோரிடமும் சொன்னேன். லாரியில் அடுப்பு, பாத்திரங்கள், பாய், போர்வை, கூரைக்குப் போடத் தார்ப்பாய். நடத்துனர் போய் இறக்கிவிட்டு வந்து, எல்லாத் தலைக்கட்டும் வாங்கியாயிற்று என்றார். நான் அதை வாசல் கூட்டத்தில் அறிவித்தேன். நல்ல கைதட்டல். அன்று கேன்டீனுக்குள் நான் நுழைந்த தோரணையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கேன்டீனில் கஸ்தூரி என்று ஒரு பெண், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், ஒப்பந்தத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. நாங்கள் லாரி அனுப்பிய அதே குப்பத்துக்காரர். நாஷ்டா வாங்க வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பாத்திரமெல்லாம் எப்படி இருக்கிறது, அடுப்பு நன்றாக எரிகிறதா என்று அவரிடம் கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைக்காமல், "நமக்கு வரல சார். நம்ம ஊட்ல தலைக்கட்டு இல்ல" என்றார்.

இந்த இடத்தில்தான் உங்கள் பரீட்சை சார் பூஜ்யம் வாங்கினார். தலைக்கட்டு என்றால் குடும்பத் தலைவர், அவர் வீட்டில் இல்லை, கடலுக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போயிருக்கிறார் என்று நானாக முடிவு செய்தேன். அதனாலென்ன, அவர் வந்ததும் ஊரில் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், பங்கு எங்கே போய்விடும் என்று உற்சாகமாகச் சொன்னேன். கஸ்தூரி என்னைப் பார்த்தார். "அவரு வரமாட்டாரு சார்" என்றார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, சமாதானமாகப் பேசிப் பாருங்கள் என்று வேறு ஆரம்பித்தேன். முனிரத்தினம் என் முழங்கையைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணின் கணவர் படகு கவிழ்ந்து இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது என்று அங்கே வைத்துச் சொன்னார். எனக்கு வெட்கத்தில் காது அடைத்துப்போனது.

முனிரத்தினம்தான் விளக்கினார். அந்தக் குப்பத்தில் கோயிலுக்கும் ஊர்ச் செலவுக்கும் வீட்டுக்கு வீடு வரி வசூலிப்பார்கள். வரி கட்டும் ஆண்பிள்ளை இருக்கிற வீடுதான் தலைக்கட்டு. ஊருக்குள் எது வந்தாலும் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. கணவனை இழந்த பெண்ணிடம் ஊர் வரி கேட்காது. வரி இல்லாததால் தலைக்கட்டு இல்லை, தலைக்கட்டு இல்லாததால் பங்கும் இல்லை. நடத்துனர் பொய் சொல்லவில்லை. எல்லாத் தலைக்கட்டும் வாங்கித்தான் இருந்தது. அந்தச் சொல்லை எல்லாக் குடும்பமும் என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டதுதான் தவறு. தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துத் தோற்ற ஆள் நானாகத்தான் இருப்பேன். கஸ்தூரியும் ஒரு நாள் சம்பளம் கொடுத்தவர். அவர் கொடுத்தது அவர் ஊருக்கே போய், அவர் வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறது.

அன்று மதியமே குப்பத்துக்குப் போனேன். கஸ்தூரியின் வீட்டில் சுவர் நின்றது, கூரை போயிருந்தது. இரண்டு பெண் குழந்தைகள். கூரைக்குப் பதில் ஒரு ஃபிளெக்ஸ் இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளே நுழைந்து நிமிர்ந்தால் என் முகம், தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது. விழா முடிந்ததும் காவலாளியிடம் கேட்டு வாங்கி வந்தாராம். சின்னப் பெண் மேலேயும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் நிவாரணத்தில் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது நான் மட்டும்தான், அதுவும் ஒழுகினேன்.

இந்த நிலையில் மனுஷன் சும்மா இருப்பானா? அவசரப்பட்டு அடுத்த தவறைச் செய்தேன். மறுநாள் அதே போல ஒரு செட் பொருளும் தார்ப்பாயும் வாங்கி, கம்பெனி வேனில் ஏற்றி நேராக அவர் வீட்டுக்கு அனுப்பினேன். அதே வேனில் அத்தனையும் திரும்பி வந்தது. கேன்டீனில் கஸ்தூரி என்னிடம் கோபமில்லாமல்தான் சொன்னார். "எனக்குன்னு தனியா எதுவும் குடுக்காதீங்க சார். ஊருக்குத் தெரியாம வாங்கினா ஊருக்கு வெளியதான் இருக்கணும். என் பொண்ணுங்களுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா அந்த ஊருதான் சார் வந்து நிக்கும்."

அந்த வாரக் கடைசிக்குள் நிர்வாகத்தின் பங்கு யாருக்கு என்று நான் சொல்ல வேண்டும். ஒரு பெரிய அமைப்பு தயாராக நின்றது. ஆதார் அட்டை பார்த்து ஆள் ஆளுக்கு நேரடியாகக் கொடுப்பார்கள். அவர்களிடம் கொடுத்தால் காகிதத்தில் கஸ்தூரி வந்துவிடுவார், ஆனால் ஊர்க்கூட்டத்தைத் தாண்டி உள்ளே போகும் லாரியைக் குப்பம் அனுமதிக்காது, அனுமதித்தாலும் பழி கஸ்தூரி தலையில் விழும். நடத்துனரின் டிரஸ்டிடம் கொடுத்தால் லாரி உள்ளே போகும், கஸ்தூரியைப் போன்றவர்களின் வீட்டைத் தாண்டி மறுபடி போகும். என் லேமினேட் அட்டவணை இதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. அதன் மேல் டீ டம்ளரை வைத்தேன்.

பெரிய அமைப்பின் ஆளை அழைத்து, உங்களிடம் யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டேன். அப்படி ஒருவரும் கிடையாது, நூறு சதவீதம் போய்ச் சேர்ந்துவிடும் என்றார். நூறு சதவீதம் என்று யார் சொன்னாலும் அன்றிலிருந்து நான் சட்டைப்பையைப் பொத்திக்கொள்கிறேன். அடுத்து நடத்துனரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் முகம் வாடியது. பிறகு, தெரியும் சார், ஆனால் அது ஊர் வழக்கம், அதில் நான் தலையிட்டால் அடுத்த முறை ஊருக்குள் விடமாட்டார்கள், இத்தனை வருஷப் பழக்கம் போய்விடும் என்றார். நியாயமான பயம். எனக்கு அந்த பயம் கூட வந்ததில்லை, ஏனென்றால் நான் அந்த ஊருக்கு ஒழுங்காகப் போனதே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சிரித்தார். "முப்பது வருசம் பஸ்ல போயினு இருந்தேன் சார். டிக்கெட் வாங்கினது யாருன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. வாங்காதது யாருன்னுதான் கூவிக்கினு போவேன். இங்க வந்து அத்த மறந்துட்டேன் பாருங்க." பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் இருக்கிறது, நீங்களும் வாருங்கள், கேட்டுப் பார்ப்போம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காரில் போகும்போது வழி நெடுக ஒரு உரை தயாரித்தேன். சமத்துவம் என்று ஆரம்பித்து அரசியல் சட்டம் வழியாகக் கண்ணீரில் முடிகிற உரை. கூட்டம் வலை பழுதுபார்க்கும் கொட்டகையில். ஆண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் வெளியே ஓரமாக நின்றார்கள். கஸ்தூரியும் நின்றார். நான் எழுந்து அனைவருக்கும் வணக்கம் சொன்னேன். அந்த உரையில் வெளியே வந்தது அந்த வணக்கம் மட்டும்தான்.

நடத்துனர் முந்திக்கொண்டு, ஆண் இல்லாத வீடுகளுக்குப் பங்கு இல்லையே, அதைக் கொஞ்சம் யோசிக்கலாமா என்று பணிவாகக் கேட்டார். ஊர்த்தலைவருக்கு முகம் சுருங்கியது. அவர் கெட்ட மனிதர் இல்லை, புயலன்று படகு கட்டி ஆட்களை இழுத்து வந்தவர். "பாவம்னுதான் உட்டோம்" என்றார். "ஆம்பள போயிட்ட ஊட்ல போய் வரி கேட்டா நாயமா அது? கோயில் வரி கேக்கறது இல்ல, எதுவும் கேக்கறது இல்ல. அந்தக் காலத்துலேந்து அப்படித்தான்." அவர் சொன்னது அத்தனையும் உண்மை. இரக்கப்பட்டுத்தான் வரியை விட்டிருக்கிறார்கள். அந்த இரக்கத்தோடு அந்த வீடே கணக்கிலிருந்து போய்விட்டது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அப்போது ஓரத்திலிருந்து கஸ்தூரி பேசினார். பெண்கள் பேசுகிற இடமில்லை அது. "என்கிட்டயும் வரி வாங்குங்க மாமா" என்றார். "பாவம்னு உடாதீங்க. கேன்டீன்ல வேல செய்யறேன், கேட்டா குடுத்துடுவேன். நீங்க கேக்காமயே எங்கள இல்லன்னு ஆக்கிட்டீங்க."

பிறகு ஒருவர், பங்கு கூடினால் எல்லோருக்கும் குறையும் என்றார். இன்னொருவர் வேண்டுமானால் அரைப் பங்கு கொடுக்கலாம் என்றார். கஸ்தூரி அவரிடம், அப்போது வரியும் அரை வரிதான் வாங்குவீர்களா என்று கேட்டார். பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள், தலைவரும் மீசைக்குள் சிரித்துவிட்டார். அதற்குள் நரைத்த தலையோடு இன்னொரு பெண் முன்னால் வந்து, என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். ஒரு சத்தம் கிளம்பியது. வெளியூர்க்காரர்கள் ஊர் விஷயத்தில் எதற்கு என்று யாரோ எங்களைப் பார்த்துக் கத்தினார்கள்.

நடத்துனர் எழுந்தார். நீங்கள் சொல்வது சரி, இது உங்கள் ஊர், முடிவு உங்களுடையது என்று தலைவரைப் பார்த்துச் சொன்னார். "ஆனா இந்த தபா எல்லாரும் வாங்கணும். இல்லன்னா லாரி வராது. என்னையும் இனிமே வராதன்னு சொல்லிடுங்க, போயிடறேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பல வருஷமாகச் சேர்த்த உறவை அந்த மனிதர் அங்கே எடுத்து வைத்துவிட்டார். நிர்வாகத்தின் பங்கு யாருக்கு என்று எனக்கு அந்த இடத்தில் தெரிந்துவிட்டது. எனக்கு மார்க் போடத் தோன்றவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

தம்பி தங்கைகளே, பதிவுச் சான்றையும் தணிக்கையையும் பாருங்கள், அதில் சோம்பல் வேண்டாம். பார்த்து முடித்த பிறகு, உங்களிடம் யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். ஒருவரும் இல்லை என்பவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் வாடுகிற ஆள் கிடைத்தால் அவரோடு இன்னும் கொஞ்சம் பேசுங்கள். அப்படிப்பட்டவர்கள் என் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் சிக்க மாட்டார்கள், நீங்கள்தான் கூடப் போய்ப் பார்க்க வேண்டும்.

கூட்டம் பொழுது சாயும் வரை இழுத்தது. கடைசியில், சரி, வரியும் உண்டு பங்கும் உண்டு என்று தலைவர் சொன்னார். முழுப் பங்கா என்று கஸ்தூரி கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அடுத்த வாரம் லாரி போனது. விழா கிடையாது, ஃபிளெக்ஸ் கிடையாது. என் படத்தை எங்கும் போடக் கூடாது என்று நானே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், போடட்டுமா என்று யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். கொட்டகை வாசலில் நின்று ஊர்க்காரர் ஒருவர் வீடு வீடாகக் கூப்பிட்டார். ஆண்களின் பெயரைச் சொல்லி, மணி ஊடு, தேசப்பன் ஊடு என்று கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம். அந்தந்த வீட்டு ஆள் 'இருக்குது' என்று குரல் கொடுத்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு இடத்தில் அவருக்குக் குரல் நின்றுவிட்டது. இறந்தவன் பெயரைச் சொல்வதா, வேறென்ன சொல்வது என்று தெரியாமல் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் கூட்டத்தில் நின்ற கஸ்தூரியைப் பார்த்தார். கஸ்தூரி காத்திருந்தார், இரண்டு பெண்களும் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கஸ்தூரி ஊடு" என்று கூப்பிட்டார் தலைவர்.

"இருக்குது" என்றார் கஸ்தூரி.